ஹெரால்டின் முன்சக்கரம்: ‘முழு கிட்’ வாங்கும் முன்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். ஸ்டீரிங் கனமாக இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. முன் சஸ்பென்ஷனை முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒரு முகவர் இங்கிலாந்திலிருந்து ‘முழு கிட்’ வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். அதில் இணைப்புகளில் மெத்தைபோல வரும் ரப்பர் புஷ்களுக்குப் பதில், ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ்கள். இன்னொருவர் பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் பாகங்கள் வைத்திருக்கிறாராம். யாரிடம் வாங்குவது?

பதில்: இப்போதைக்கு யாரிடமும் வேண்டாம். முன்பணம் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் காரை ஜாக்கியில் ஏற்றுங்கள். கீழே உறுதியான ஸ்டாண்டுகளைக் கொடுங்கள். எது தேய்ந்திருக்கிறது என்று தெரியாமலே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்குக்கு உங்கள் காரைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் மறைந்துவிட்டால் கோளாறு சக்கர பேரிங்கில் இருக்கிறது. அதற்குச் சஸ்பென்ஷன் கிட் எதற்கு? மறையவில்லை என்றால், டார்ச் அடித்து, மேலே இருக்கும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு அசைகிறதா, கீழே இருக்கும் ட்ரனியன் என்ற உலோகத் துண்டு அசைகிறதா என்று கவனியுங்கள். விஷ்போன்களின் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் V வடிவக் கைகளின்) உள்முனையில் ஒரு சிறு கடப்பாரையை நுழைத்து நெம்பினால் ரப்பர் புஷ்களின் நிலை தெரிந்துவிடும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கனமான ஸ்டீரிங்குக்குக் காரணம் சில சமயம் அவ்வளவுதான்.

ஆனால் நெடுநாள் கொட்டகையில் நின்ற ஹெரால்டு என்றால் என் சந்தேகம் முதலில் ட்ரனியன் மேல்தான் விழும். உங்கள் பணமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ட்ரனியன் என்பது சக்கரத்துக்குப் பின்னால், கீழ் விஷ்போனின் நுனியில் இருக்கும் கைக்கு அடக்கமான ஒரு செம்புக் கலவை உலோகத் துண்டு. அதற்குள் மரை வெட்டியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டின் அடிமுனை அந்த மரைக்குள் இறங்கியிருக்கிறது. நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு பாட்டில் மூடி போலத் திருகிக்கொண்டு ஏறி இறங்குகிறது. காரின் எடையும், சாலையின் அடியும், பிரேக்கின் இழுப்பும் அந்த மரை வழியாகத்தான் போகின்றன.

இந்த மரைக்குப் போட வேண்டியது ஆயில். கிரீஸ் அல்ல. டிஃபரென்ஷியல் பல்சக்கரப் பெட்டிக்கு ஊற்றுகிற அதே 90 எண் ஹைப்பாய்டு கியர் ஆயில். ஹெரால்டு சாலையில் ஓடிய காலத்திலிருந்து இதைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. சர்வீஸ் செய்பவர் கையில் கிரீஸ் துப்பாக்கி இருக்கிறது; கண்ணில் ஒரு நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) பட்டால் அடித்துவிடுகிறார். கிரீஸ் மரையின் அடிவரை போவதில்லை. உள்ளே போன கொஞ்சமும் காய்ந்து கட்டியாகி, பிறகு வரும் ஆயிலுக்கும் வழியை அடைக்கிறது. நடுவே மழைநீர் நுழைந்து எஃகை அரிக்கிறது. அரித்த இடத்தில் விரிசல் தொடங்கி, ஒரு நாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி விழுகிறது. பெரும்பாலும் இது நிறுத்துமிடத்தில், ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பும்போது நடக்கிறது. அது அதிர்ஷ்டம். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

‘அந்த டிசைனே மோசம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்தியப் பதிப்பு; லோட்டஸ் நிறுவனம் தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதே ட்ரையம்ஃப் ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டால்தான் ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிறது. ஆயில் கிடைத்தவரை ட்ரனியன் உழைக்கும்.

ஆகவே முதலில் இரண்டு பக்கமும் ட்ரனியனைக் கழற்றுங்கள். புது ட்ரனியன் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறு பக்கத்துக்கு இடது மரை; ‘இரண்டும் ஒன்றுதான் சார்’ என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நைலான் புஷ்கள், எஃகுக் குழல், தூசித் தட்டுகள், மேலே தண்டைச் சுற்றி வரும் ரப்பர் சீல் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். விலை குறைந்த பொருட்கள் இவை. அந்த சீல்தான் தண்ணீரைத் தடுக்கிறது. கிட்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே.

இனி வெர்ட்டிகல் லிங்க். இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ‘தேய்ந்தால் மாற்று’ என்பதுதான் விதி. ஆனால் பழைய வெர்ட்டிகல் லிங்க் நன்றாக இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அது தொழிற்சாலையில் உருவாக்கிய நல்ல எஃகு. இன்று கைக்குக் கிடைக்கும் சில புதியவற்றைவிட நம்பகமானது. ‘நன்றாக’ என்றால் என்ன? மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் துலக்குங்கள், கிரைண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மரை முழுவதும் பளிச்சென்று இருக்க வேண்டும். குறிப்பாகத் தண்டு ட்ரனியனிலிருந்து வெளிவரும் இடத்தில், மேல் மரைகளில், ஊசி குத்தியதுபோல் ஒரு துருப்புள்ளி இருந்தாலும் அது குப்பைக்குத்தான். வெல்டிங் வைத்து நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் அத்தோடு முடிந்ததா? இல்லை. காந்தமுறை விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளுக்காக இந்தச் சோதனையைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில் என்ற குட்டை அச்சையும் சேர்த்துக் கொடுங்கள். சோதனையில் தேறிய லிங்க்கில் புது ட்ரனியனைக் கையால் திருகிப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை தடங்கலின்றி ஓட வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆடினால் லிங்க்கின் மரை தேய்ந்துவிட்டது. புது ட்ரனியன் போட்டும் பயனில்லை. ஒரு பக்கம் தேறி மறுபக்கம் தேறாமல் போனால் தேறாததை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கழற்றும்போது உள்ளே காய்ந்த கிரீஸ் இருந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனையைத் தவிர்க்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இப்போது உங்கள் முகவர். ‘அரிய பாகம், கிடைக்காது’ என்றுதான் அவர் தொடங்கியிருப்பார். ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. அதே அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்தது. அந்தக் கார்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். அதனால் ட்ரனியன் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது, அங்குள்ள கடைகள் நேரடியாகவே இந்தியாவுக்கு அனுப்புகின்றன. இணையத்தில் பாகத்தின் பெயரை உங்கள் பிள்ளையே தேடித் தந்துவிடுவார். நடுவில் ஒருவர் எதற்கு? ஒன்று மட்டும்: குடும்பம் ஒன்றே என்றாலும் எல்லாப் பாகமும் எல்லா மாடலுக்கும் சேராது. கழற்றி, அளந்து, படம் எடுத்து அனுப்பிக் கேட்டபின் பணம் கட்டுங்கள். ஆறு சிலிண்டர் வண்டிகளின் காயில் ஸ்பிரிங்கை ‘இன்னும் ஸ்ட்ராங்’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது கனமான எஞ்சினுக்கானது. உங்கள் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

பாலியூரித்தேன் புஷ் வேண்டாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நம் சாலையில் அது ஒவ்வொரு கல்லையும் உங்கள் பற்களுக்குச் சொல்லும், கொஞ்ச நாளில் கிறீச்சிடவும் தொடங்கும். நல்ல ரப்பர் போதும்.

‘பெட்டி பிரிக்காத ஒரிஜினல்’ என்ற வார்த்தையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உலோகப் பாகம் என்றால் சரி, வாங்கலாம். ரப்பர் என்றால் பெட்டிக்குள்ளேயே அரை நூற்றாண்டு கிழடாகியிருக்கும்; நகத்தால் கீறினால் பொடி உதிரும். அந்த அட்டைப் பெட்டிக்குத்தான் அவர் விலை கேட்கிறார். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடுவதில் தவறில்லை, கையில் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் உங்கள் பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போங்கள், நினைவை நம்பிப் போகாதீர்கள்.

லேத் பட்டறையில் ‘கன்மெட்டலில் கடைந்து தருகிறேன்’ என்பார்கள். பூட்டுக்குச் சாவி செய்யலாம், ட்ரனியன் வேண்டாம். மாருதி 800-இன் முன்பக்கத்தை அப்படியே பொருத்திவிடலாம் என்றும் ஒருவர் வருவார். அது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற வேறு வகை சஸ்பென்ஷன். சேஸியை (காரின் அடிச்சட்டத்தை) வெட்டாமல் அமையாது. சேஸியை வெட்டினால், 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்குக் கிடைக்கும் ‘விண்டேஜ்’ பதிவும் சிக்கலாகும். 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு தரும் அரசு, அந்தக் காரை ஓட்டத் தேவையான ஒரு பிடி உலோகத்தை ஊருக்குள் கொண்டுவர இறக்குமதி வரியும் கேட்கிறது. எந்த உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற இந்த வரி? வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார் செய்த தொழிற்சாலை மூடி எத்தனை காலமாகிறது? இருந்தாலும் பெட்டியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லாதீர்கள். உண்மை விலைக்குப் பில் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வரவழைத்து, வரியைக் கட்டி எடுத்துவிடுங்கள். சுங்கத்தில் பெட்டி தூங்கும்போது உங்கள் கார் ஸ்டாண்டில் நிற்கும், அவ்வளவுதான்.

மாட்டும்போது மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. கீழ் விஷ்போன் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளை எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி வைத்துவிட்டுக் கழற்றட்டும். சக்கரத்தின் சாய்வை முடிவு செய்வது அவைதான். ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் காயில் ஸ்பிரிங்கை முறையான கருவி இல்லாமல், கம்பியோ கயிறோ கட்டிப் பிரிக்கக்கூடாது. அவிழ்ந்தால் கை போகும். ட்ரனியனைத் தண்டில் முழுவதும் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரிங் முழுவதும் திரும்பாது. ட்ரனியன் போல்ட்டில், எஃகுக் குழலுக்குள் போகும் பகுதியில், செம்புக் கலவைப் பசை தடவினால் அடுத்த தடவை வெட்டி எடுக்க வேண்டியிருக்காது. ரப்பர் புஷ் போல்ட்களைக் கடைசியாக முறுக்க வேண்டியது கார் தன் சக்கரங்களில் நின்ற பிறகுதான். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அடுத்த ஆண்டு அதே முகவரிடம் அதே புஷ்ஷை வாங்குவீர்கள்.

பிறகு ஆயில். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி 6,000 மைல். அதாவது சுமார் 9,600 கிலோமீட்டர். உங்கள் கார் ஞாயிற்றுக்கிழமை வண்டி. அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன், செய்யுங்கள். ட்ரனியனின் பிளக்கைக் கழற்றி நிப்பிளைப் பொருத்தி, ஆயிலுக்கென்றே வைத்திருக்கும் தனித் துப்பாக்கியால், மேலே சீல் ஓரத்தில் புது ஆயில் கசியும்வரை அடியுங்கள். பிறகு நிப்பிளைக் கழற்றிப் பிளக்கையே மாட்டிவிடுங்கள். நிப்பிளைப் பார்த்தால் அடுத்த சர்வீஸில் கிரீஸ் அடித்துவிடுவார்கள்.