ஆறு சீட்டில் ஆரம்பியுங்கள், தம்பி!

வண்டி வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஏர்போர்ட் வேன். திருச்சியில் 2024-ல் புது முனையம் திறந்ததிலிருந்து, வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பியவர்களுக்கெல்லாம் இதுதான் முதல் யோசனை போலிருக்கிறது. அதனால் டிராக்டர், பழைய பைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் 12 சீட் வேன் வாங்கி, அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தினமும் இரண்டு நடை ஓட்டலாம் என்று எண்ணம். சாயங்காலம் 6 மணிக்கு ஒன்று, ராத்திரி 11 மணிக்கு ஒன்று. ஆளுக்கு 500 ரூபாய். கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட் போதும் என்கிறார் புரோக்கர். போதுமா?
வாசகர், அறந்தாங்கி

போதாது, தம்பி. வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே?

உங்கள் கடிதத்தில் நாலு சங்கதி இருக்கிறது. குறித்த நேரம், குறித்த வழி, ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம், வழியில் ஏற்றிக்கொள்வது. இந்த நாலும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பஸ். உங்கள் வண்டி பார்க்க வேன் மாதிரி இருப்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காசு வாங்கி, முழுத் தூரமோ பாதித் தூரமோ கொண்டுபோய் விட்டால் அது ஸ்டேஜ் கேரேஜ். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகிற அந்தச் சாலையில் புதிதாக ஒரு தனி ஆளுக்கு ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட் கிடைப்பது குதிரைக் கொம்பு. மினி பஸ் திட்டத்தில் நுழையலாமா என்று அடுத்த கேள்வி வரும். அதில் வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர்தான். அறந்தாங்கியில் கிளம்பினால் புதுக்கோட்டையைக்கூடத் தொட முடியாது.

புரோக்கர் சொல்கிற கான்ட்ராக்ட் கேரேஜ் என்பது முழு வண்டியையும் ஒரே பேச்சாக வாடகைக்கு விடுவது. கல்யாணத்துக்கு வேன் பேசுகிறோமே, அதுதான். பேசின கூட்டத்தை ஏற்றலாம், பேசின இடத்தில் இறக்கலாம். நடுவழியில் அந்தப் பேச்சில் இல்லாத ஆளை ஏற்றக்கூடாது. கீரனூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் சூட்கேஸோடு ஒருவர் கை காட்டினாரே என்று நிறுத்தினீர்களானால், அந்த நிமிஷமே உங்கள் பெர்மிட்டுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும்.

இதைச் சொன்னால் ‘எல்லோரும் ஒரே பார்ட்டிதான் சார்’ என்பார்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு மார்கழி மாதம், விடியற்காலை மூன்றரை மணிக்கு ஒரு வேனை நிறுத்தினேன். உள்ளே பதினோரு பேர். டிரிப் ஷீட்டில் தேதியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. டிரைவர் கொஞ்சமும் அசராமல், ‘ஒரே குடும்பம் சார், மலேசியா போற தம்பிய வழியனுப்பப் போறாங்க’ என்றார். பின் சீட்டில் ஒரு பாட்டி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, ‘யாருப்பா குடும்பம்? நான் எம் மகளைக் கூப்பிடப் போறேன். இந்தாளுங்க யாருன்னே தெரியாது, எங்கிட்ட அறுநூறு வாங்கிட்டான், பக்கத்துல இருக்கிறவருகிட்ட ஐநூறுதானாம்’ என்றார். எனக்குக் கேஸ் எழுதுகிற வேலையையே பாட்டி மிச்சம் செய்துவிட்டார். டிரைவருக்கு என்னைவிடப் பாட்டி மேல்தான் கோபம். ஆனால் அத்தனை பேரையும் நேரத்துக்கு ஏர்போர்ட்டில் சேர்க்க மாற்று வண்டி பிடிக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம் சின்ன வழி. கான்ட்ராக்ட் கேரேஜுக்குச் சட்டம் தரும் விளக்கத்தின் கடைசியில் ஒரு வால் உண்டு. மேக்ஸி கேபும் மோட்டார் கேபும் இதில் அடக்கம், பயணிகளிடம் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் சரி என்கிறது அது. ஆறு பேர் வரை ஏற்றுவது மோட்டார் கேப். ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப். இரண்டுக்குமே டிரைவர் தனிக் கணக்கு. அந்தத் ‘தனித்தனிக் கட்டணம்’ என்கிற வார்த்தை மோட்டார் கேபோடு ஒட்டி அச்சாகியிருக்கிறது. மேக்ஸி கேபுக்கும் அது பொருந்துமா என்று வக்கீல்கள் நாள் முழுக்க வாதாடலாம். ராத்திரி ரோட்டில் டார்ச் லைட்டோடு நிற்கிற இன்ஸ்பெக்டர் வாதாட மாட்டார், செக் ரிப்போர்ட்தான் எழுதுவார்.

அதனால்தான் சொல்கிறேன், ஆறு சீட்டில் ஆரம்பியுங்கள். மஞ்சள் போர்டு போட்ட ஏழு சீட் வண்டி ஒன்று எடுங்கள், டிரைவர் போக ஆறு. முதல் நாளே போனில் புக்கிங் வாங்கி, கிளம்பும் முன்பே பெயர்ப் பட்டியலை முடித்துவிடுங்கள். யார், எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எவ்வளவு என்று டிரிப் ஷீட்டில் எழுதி வையுங்கள். பட்டியலில் இல்லாதவர் சொந்த மச்சானாக இருந்தாலும் வழியில் ஏற்றாதீர்கள். வசூல் கணக்கை மட்டும் ஆறு பேருக்குப் போடாதீர்கள். வெளிநாடு போகிறவர் ஆளுக்கு 30 கிலோ பெட்டி கொண்டுவருவார், கூடவே வழியனுப்ப வருகிறவர் ஒரு கூடை. நாலு பேர் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், திரும்பும்போது காலி வண்டி என்பதையும் சேர்த்து. அப்படியும் கட்டுபடியானால் தொழிலில் இறங்குங்கள்.

திரும்புகிற சவாரியைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்மிட்டில் எழுதிய எல்லைக்கு வெளியே போய்ப் புதிதாகச் சவாரி பேசக்கூடாது என்பது, 74-வது பிரிவின் கீழ் விதிக்கிற நிபந்தனைகளில் ஒன்று. விமானத்தில் இறங்கி வருகிறவரையும் அறந்தாங்கியிலிருந்தே புக் செய்துகொண்டு போங்கள்.

பெர்மிட்டின் ஆயுள் ஐந்து வருடம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று புது வண்டிக்கு இரண்டு வருடம், அதன் பிறகு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டைத் தாண்டினால் வருடா வருடம். இதெல்லாம் தேதி பார்த்துச் செய்கிற வேலை, காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் போதும். பின்னாளில் 12 சீட் வண்டிக்குப் போனால் அதில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு ஒயரைப் பிடுங்கிச் செயலிழக்க வைக்கிற மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவரிடம் போகாதீர்கள்.

ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் எடுத்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்கிறார்களே?
வாசகர், காரைக்குடி

கேட்பார்கள். 2023-ம் ஆண்டு விதிகள் வந்த பிறகு அந்தப் பெர்மிட்டை ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம், அது நல்ல காரியம்தான். ஆனால் மாநில எல்லையைத் தாண்ட அது உதவுமே ஒழிய, சுற்றுலா வண்டியைப் பஸ்ஸாக மாற்றிவிடாது. பயணிகளின் பட்டியலும், அவர்கள் ஏறும் இடம் இறங்கும் இடமும் கையில் இருக்க வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. 2024-ல் வெளிமாநிலப் பதிவெண் ஆம்னி பஸ்களைத் தமிழ்நாட்டில் ஓடக்கூடாது என்று நிறுத்தினார்களே, தகராறு இதே விஷயத்தில்தான். டூரிஸ்ட் பெர்மிட்டை வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டு ஓட்டினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

என் பையனிடம் சொந்தக் கார் இருக்கிறது, ஒயிட் போர்டு. தெருக்காரர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு டீசல் காசு மட்டும் வாங்குகிறான். இதுவும் தப்பா?
வாசகி, கும்பகோணம்

பக்கத்து வீட்டுக்காரர் டீசல் போட்டுக் கொடுத்தார் என்றால் அது உறவு. ‘ஏர்போர்ட் டிராப் 2,500’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தால் அது தொழில். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்கிறது 192-ஏ பிரிவு. பெர்மிட் இருந்தும் அதன் நோக்கத்தை மீறி ஓட்டுகிறவருக்கும் இதே பிரிவுதான். நோயாளியையோ அடிபட்டவரையோ ஏற்றிப் போவது, துயரத்தில் இருப்பவர்களுக்கு உணவு, மருந்து கொண்டுபோவது போன்ற அவசரங்களுக்கு மட்டும் அதிலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்பது அந்த அவசரத்தில் சேராது!

அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்ஷூரன்ஸைப் பற்றித்தான். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி, வாடகைச் சவாரியில் அடிபட்டால் கைவிட்டுவிடும். கம்பெனி நஷ்ட ஈட்டைக் கோர்ட்டில் கட்டினாலும் பிறகு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கும். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போக்குவரத்து வாகனமாக மாற்றிப் பதிவு செய்து, மஞ்சள் போர்டு போட்டு, பாலிசியையும் மாற்றச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாமாமே?
வாசகர், பெரம்பலூர்

ஆமாம், நிஜம்தான். 2018 அக்டோபரில் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. ஆனால் விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும். எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. ஏர்போர்ட் போய்த் திரும்புகிற தூரத்துக்குச் சார்ஜ் நிற்குமா என்று ஏ.சி. போட்டு, ஆளும் பெட்டியும் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஷோரூமில் சொல்கிற கிலோமீட்டர் வேறு, ரோட்டில் கிடைக்கிற கிலோமீட்டர் வேறு.

எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தும் ஏர்போர்ட் வாசலில் ஆள் பிடிக்க விடமாட்டேன் என்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த பெர்மிட்டுக்கு மதிப்பில்லையா?
வாசகர், தஞ்சாவூர்

ஐயா, ஆர்.டி.ஓ. கொடுத்தது ரோட்டில் ஓட. ஏர்போர்ட் வளாகம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் இடம். அங்கே டாக்ஸி கவுன்ட்டர் வைக்கவும் பார்க்கிங் வசூலிக்கவும் அவர்கள் டெண்டர் விட்டு, எடுத்தவர்களிடம் பணம் வாங்குகிறார்கள். காசு கட்டிக் கவுன்ட்டர் எடுத்தவன் கண்ணெதிரே நீங்கள் ‘தஞ்சாவூர், தஞ்சாவூர்’ என்று கூவினால் சண்டைக்கு வராமல் என்ன செய்வான்? புக் செய்த பயணியை அழைக்கப் போங்கள், பார்க்கிங் சீட்டு வாங்குங்கள், பெயர் எழுதிய அட்டையோடு நில்லுங்கள். கூவுவது மட்டும் கூடாது.

பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் பணம் வாங்கி நாலு மாதம் ஆகிறது. கேட்டால் ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’ என்கிறார்.
வாசகர், அரியலூர்

மேலே என்றால் எந்த மாடி என்று கேட்டீர்களா? விண்ணப்பம் போட்டிருந்தால், போக்குவரத்துத் துறை வேலைகளுக்கான பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்ப எண் விழுந்திருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். இழுத்தடித்தால் விண்ணப்பமே போகவில்லை என்று அர்த்தம். எண் இருந்தும் நகரவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் விண்ணப்பம் யார் மேஜையில், எத்தனை நாளாக’ என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நானே அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். அப்படி ஒரு தாள் வந்தால் ஃபைலுக்குக் கால் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன். பெர்மிட் தர முடியாது என்று மறுத்திருந்தாலோ, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வாயால் சொன்ன மறுப்பை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

என் வீட்டுக்காரர் ஏர்போர்ட் வேன் ஓட்டுகிறார். ராத்திரி இரண்டு நடை, பகலில் ஸ்கூல் வேன். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தூக்கமே வருவதில்லை.
வாசகி, கீரனூர்

அம்மா, லைசென்ஸைப் பற்றிய குழப்பம் ஓரளவு தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டினாலும், அதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி நழுவ முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இருந்தாலும் வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இருப்பது நல்லது என்பேன்.

நீங்கள் கேட்டது அது இல்லை, தெரிகிறது. டிரைவரின் வேலை நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் வைத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் அந்தக் கணக்கைத்தான் கைகாட்டுகிறது. உங்கள் வீட்டுக்காரர் இரண்டு முதலாளிகளிடம் ஓட்டுகிறார். இரண்டு பேருமே தங்கள் பங்கு எட்டு மணிக்கு உள்ளேதான் என்பார்கள்.

ராத்திரி செக்கிங்கில் நான் ஆர்.சி., பெர்மிட் கேட்பதற்கு முன்னால் டிரைவரை இறங்கச் சொல்லிவிடுவேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளச் சொல்லி, ‘கடைசியா எப்ப படுத்தே?’ என்று கேட்பேன். உடனே பதில் சொல்கிறவனைப் பற்றிக் கவலை இல்லை. யோசித்துச் சொல்கிறவனைத்தான் ஓரமாக அரைமணி நேரம் உட்கார வைப்பேன். நாளைக்குக் காலையில் ஸ்கூல் வேனை எடுப்பதற்கு முன் அவரிடம் நீங்கள் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யோசித்தாரென்றால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, முதலாளிக்கு நீங்களே போன் போடுங்கள்.