காம்பஸ் கோணம்: எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது?

காம்பஸ் கோணத்தை வரைபடத்துக்கு மாற்றும்போது கூட்டுவதா கழிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். காம்பஸ் ஊசி காட்டும் வடக்குக்கும், வடதுருவத்தை நோக்கிய உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம்தான் காந்த விலக்கம். அது எந்தப் பக்கம் என்று பாருங்கள். மோனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிழக்கென்றால் கூட்டு. காந்த விலக்கம் மேற்கென்றால் கழிக்க வேண்டும். வரைபடத்திலிருந்து காம்பஸுக்குப் போகும்போது இது அப்படியே தலைகீழ். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

சென்னையில் விலக்கம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மேற்கு. அதாவது ஊசி உண்மை வடக்குக்குச் சற்று இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அங்கிருந்து வலச்சுற்றாக எண்ணுவதால் எண் கூடிவிடுகிறது, அதனால்தான் கழிக்கிறோம். காசிமேட்டிலிருந்து மெரினா கலங்கரை விளக்கத்தைக் குறிபார்க்கும்போது காம்பஸ் 193 காட்டினால், வரைபடத்தில் 191.5-இல் கோடு போடுங்கள். விட்டுவிட்டால் பத்து கிலோமீட்டரில் சுமார் 260 மீட்டர் விலகிவிடும்.

சிட்னியில் விலக்கம் சுமார் 13 டிகிரி கிழக்கு. அங்கே 100 காட்டினால் உண்மைக் கோணம் 113.