காலைத் தொட்டு வணங்குகிறோம், காலைக் கண்டு சிரிக்கிறோம்

கேள்வி: தெரியாமல் ஒருவர்மீது கால் பட்டுவிட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். விருந்தாளியின் காலுறையில் ஓட்டை விழுந்து பெருவிரல் எட்டிப் பார்த்தாலோ வீடே சிரிப்பை அடக்கமுடியாமல் திணறுகிறது. ஒரே உறுப்பு தீட்டுக்கும் கேலிக்கும் உரியதானது எப்படி? (வாசகர் ஒருவர், யாங்கோன்)

பதில்: தலை மேல், கால் கீழ் என்னும் வரிசையை நாமும் பர்மியரும் ஏறத்தாழ ஒரே கண்டிப்போடு காத்துவருகிறோம். அந்த வரிசை இருப்பதால்தான் பெரியவர் காலில் தலையை வைப்பது மரியாதையின் உச்சமாகிறது. ‘செருப்பால் அடிப்பேன்’ என்பது அடியைவிட வலிக்கும் வசையாகிறது. தெருவை மிதிக்கும் அழுக்கு மட்டுமே காரணமாயின், நன்றாகக் கழுவிய காலைப் புத்தகத்தின்மேல் வைக்கலாம் என்றாகும். அதற்கு எந்தத் தாயும் ஒப்பமாட்டாள்.

இந்தப் பர்மிய மண்ணில் காலணி அரசியலையே ஆட்டிவைத்திருக்கிறது. பர்மிய மன்னரின் மண்டலே அரசவைக்கு வந்த ஆங்கிலேயத் தூதர்கள் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்தாக வேண்டியிருந்தது. 1875இல் ஃபார்சித் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் தூதுக்குழு வந்துபோன பிறகு, இனித் தன் பிரதிநிதி அவ்வாறு செய்யமாட்டார் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு முடிவெடுக்கவே, அவர் அரசரை நேரில் காண்பதே நின்றுபோயிற்று. பின்னாளில், பகோடாக்கள் என்னும் பௌத்தக் கோயில்களுக்குள் ஐரோப்பியர் பூட்ஸ் காலோடு நடப்பதைப் பர்மியப் பௌத்தர்கள் எதிர்த்துப் போராடினர். 1919இல்தான் அதைத் தடுக்கும் உரிமை பகோடாப் பொறுப்பாளர்களுக்குக் கிடைத்தது. யார் யாருக்குக் கீழே என்ற வழக்கைத்தான் இரு தரப்பாரும் பூட்ஸின் பெயரால் நடத்தினார்கள்.

சிரிப்பு பிறப்பதும் இதே வரிசை சற்றுக் குலையும்போதுதான். நண்பகல் வெயிலில் யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடாவின் சலவைக்கல் தளத்தில், பாய் விரிக்காத பக்கமாக இறங்கிவிட்ட கனவான் ஒருவரைப் பாருங்கள். மடிப்புக் கலையாத லுங்கி, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் பெரிய மனிதத் தோரணை. கால்கள் மட்டும் கோழியைப்போலத் தத்துகின்றன. தலை சேர்த்த மிடுக்கைக் கால் ஒரு நொடியில் கலைத்துவிடுகிறது. அதே கால் புத்தர் சிலையை நோக்கி நீண்டால் அங்கே ஒருவரும் சிரிக்கமாட்டார். தனக்குரியவரின் மானத்தைக் கால் வாங்கினால் வேடிக்கை, எதிரில் இருப்பவரின் மானத்தைத் தொட்டால் குற்றம் என்பதே என் கணிப்பு.

பக்தி மட்டும் இரண்டுக்கும் கட்டுப்படுவதில்லை. கயிலை மண்ணில் கால் படக்கூடாதென்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து ஏறினார். கண்ணப்பரோ, தம் மறுகண்ணையும் பெயர்த்து அப்புவதற்கு இடம் தெரியவேண்டுமென்று, இறைவனின் கண்ணிலேயே செருப்புக் காலை ஊன்றினார். இருவரும் நாயன்மார்களே! யாங்கோனில் சௌக்தாஜி பகோடாவில் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரின் உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தம் காலை அவர்முன் நீட்டத் துணியாத அடியார்கள் அவர் காலடியில் நின்று கைகூப்புகிறார்கள்.

கேள்வி: பிறர் உள்ளங்காலை வருடினால் துள்ளுகிறோம். நாமே வருடினால் ஏன் கூசுவதில்லை? (அதே வாசகர்)

பதில்: நம் கை அசையும்போதே, அதனால் எழப்போகும் உணர்வைச் சிறுமூளை முன்கூட்டிக் கணித்துத் தணித்துவிடுகிறது; பிறர் விரலை அவ்வாறு கணிக்க அதனால் இயலாது. 1990களின் இறுதியில் லண்டன் ஆய்வாளர்கள், ஒருவர் தம் உள்ளங்கையைத் தாமே ஓர் இயந்திரக் கையின் வழியாக வருடச் செய்து, அசைவுக்கும் தொடுகைக்கும் இடையே மிகச் சிறிய தாமதத்தைப் புகுத்தினார்கள். தாமதம் கூடக்கூடக் கூச்சமும் கூடியது.