செவ்வாய் அனுப்பாத கதிர்கள்

கேள்வி: “இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாயிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் பூமிக்கு அருகே கடந்து செல்லும், கைத்தொலைபேசியை அணைத்துத் தள்ளி வையுங்கள்” என்ற செய்தி எங்கள் ஆசிரியர் குழுவில் மீண்டும் வந்திருக்கிறது. உண்மையா? மலையில் உயரத்தில் வாழும் நமக்கு ஆபத்து கூடுதலா?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: பொய். ‘இன்றிரவு’ என்று எழுதித் தேதி போடாமல் விட்டதால்தான் இது ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துபவர்கள் இருக்கும் குழுவில், ‘செவ்வாய் எப்படிக் கதிரை அனுப்பும்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா? எனக்கு அதுதான் வருத்தம். ஏனென்றால் அண்டக்கதிர் ஆய்வின் உயிர்நாடியே, கதிரை அனுப்புவது எது என்ற அந்தக் கேள்விதான்.

அண்டக்கதிர்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் அணுக்கருக்கள். பத்தில் ஒன்பது பங்கு புரோத்தன்கள். மீதியில் பெரும்பகுதி ஈலியம். அவற்றை அப்படி விரட்டும் வலு ஒரு பாறைக் கோளுக்கு இல்லை. சூரியனுக்கும் போதாது. 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி அளந்தார், சூரியன் மறைந்தும் கதிர்வீச்சு குறையவில்லை. இரவு பகல் பாராமல் அது வந்துகொண்டேயிருக்கிறது. அந்தத் துகள்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவோன்கள் என்னும் நுண்துகள்கள் லயத்துத் தகரத்தையும் பங்களாவின் கூரையையும் ஒன்றுபோல ஊடுருவுகின்றன. தொலைபேசியை அணைப்பதால் ஒரு மியூவோன்கூடக் குறையாது.

எங்கிருந்து வருகின்றன? வந்த திசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பால்வீதியின் காந்தப்புலம் அவற்றைத் திருப்பித் திருப்பி, ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் அலைய வைக்கிறது. நானுஓயா மூடுபனியில் வாகன விளக்கின் ஒளி எங்கும் பரவி, விளக்கு எங்கே என்று தெரியாமல் போவது போலத்தான். அதனால் விஞ்ஞானிகள் சக்திக் கணக்கைப் பார்த்தார்கள். சக்தியைப் பத்து மடங்காக்கினால், அதற்கு மேல் வரும் துகள்கள் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைகின்றன. கிட்டத்தட்ட ஒரே சீராக இறங்கும் இந்தச் சரிவு, சுமார் 3,000 இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்றில் (துகளின் சக்தியை அளக்கும் அலகு) இன்னும் செங்குத்தாகிறது. அந்த இடத்துக்கு ‘முழங்கால்’ என்று பெயர். அங்கே ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு துகள்தான் வரும்.

வெடித்துச் சிதறும் பெருவிண்மீன்களே, அதாவது சுப்பர்நோவாக்களே, மூலம் என்று 1934இல் வானியலாளர்கள் பாடேயும் சுவிக்கியும் முன்மொழிந்தனர். கணக்கு பொருந்துகிறது: நூற்றாண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்புகள், அவற்றின் இயக்கச் சக்தியில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். வெடிப்பின் அதிர்ச்சி அலையை முன்னும் பின்னுமாகப் பலமுறை கடக்கும் துகள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி பெறுகிறது. 2013இல் பெர்மி விண்தொலைநோக்கி ஐசி 443, டபிள்யூ 44 என்னும் இரு வெடிப்பு எச்சங்களில் புரோத்தன்கள் மோதிய தடயத்தைக் காமாக் கதிர்களில் கண்டது. ஆனால் இந்த எச்சங்கள் முழங்கால் வரை துகள்களை எட்டச் செய்கின்றனவா என்பது இன்னும் தீராத வழக்கு. சீனாவின் லாசோ ஆய்வகம், இளம் பெருவிண்மீன்கள் கூட்டமாகப் பிறக்கும் சிக்னஸ் என்னும் வான்பகுதியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், நுவரெலியாவில் கொழும்பைவிடக் கூடுதலாகப் படும். தலைக்கு மேல் காற்று குறைவு. ஆனால் அது ஆபத்தான அளவு அல்ல. விமானத்தில் பறப்பவர்கள் அதைவிட அதிகம் பெறுகிறார்கள். காற்று குறைவு என்பதற்காகவே ஆய்வாளர்கள் மலைகளைத் தேடிப் போகிறார்கள். ஊட்டியில் சுமார் 2,200 மீற்றர் உயரத்தில் இயங்கும் கிரேப்ஸ்-3 என்னும் அண்டக்கதிர் ஆய்வகம், 166 இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்றுக்கு அருகே புரோத்தன்களின் சரிவு சற்றுத் தளர்வதை 2024இல் வெளியிட்டது. அது நீலகிரி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் உறவுகள் பலர் போய்க் கொழுந்து பறித்த மலை. உங்கள் குழுவில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிப்பவர் இருந்தால், கிரேப்ஸ்-3 பற்றிய இந்தச் செய்தியை அவருக்கு அனுப்புங்கள்.