வயக்காட்டில் வேலை செய்யும் ஒல்லியான அம்மாவுக்கு பிபி வருமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: “ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 52 வயது. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. எடை 43 கிலோதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தபோது 164/100. அடுத்த வாரமும் குறையவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ‘உட்கார்ந்து திங்கிறவங்களுக்கு வர்ற நோய் எனக்கு எப்படி வரும்’ என்று போட மறுக்கிறார். அம்மா சொல்வது சரியா?”

சரியில்லை. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். இத்தனை பேரும் குண்டானவர்கள் அல்ல. உடல் பருமன் ஒரு காரணம்தான். ஏழை வீடுகளில் பிரஷர் வேறு வழிகளிலும் நுழைகிறது.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் முதலில் கேட்பது, மேல்வலிக்கு என்ன போடுகிறார் என்பதைத்தான். நாள் முழுக்கக் குனிந்து நின்ற இடுப்பும் முழங்காலும் ராத்திரி வலிக்கும். மறுநாள் கூலியை விட முடியாது. மெடிக்கலில் சொன்னால் ரெண்டு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஒரு ஊசி. பெரும்பாலும் அது டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக். இந்த வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துப் பிரஷரை ஏற்றும். பல பிபி மாத்திரைகளை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு இதைப் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். சிறுநீரகம் கெட்டால் பிரஷர் இன்னும் ஏறும். “ஒரு வேளை போட்டாலே வலி பறந்துடும், நல்லா பசிக்கும்” என்று சொல்லி, பெயர் இல்லாத பொட்டலத்தில் தரும் மாத்திரை என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அதை மாதக்கணக்கில் போட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் அவற்றைவிடப் பரவாயில்லை. அதையும் தினசரி வழக்கமாக்கிவிட வேண்டாம்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன். கையில் காசு குறைந்தால் முதலில் குறைவது காய்கறி. ரேஷன் அரிசி இருப்பதால் சோறு குறையாது. அந்தச் சோற்றை உள்ளே இறக்க ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய். இப்படி உப்பு கூடுகிறது, அந்த உப்பைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ள உதவும் பொட்டாசியமோ குறைகிறது. பொட்டாசியம் இருப்பது கீரையிலும் பயறிலும் பழத்திலும். முருங்கைக்கீரைக்குக் காசு வேண்டாம். பழைய சோறு தாராளமாகச் சாப்பிடட்டும், கல் உப்பை அள்ளிப் போட வேண்டாம். வியர்வையில் உப்பு போகிறதே என்பார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் இருக்கும் உப்பே அதற்குப் பெரும்பாலும் போதும், வயலில் உண்மையில் குறைவது தண்ணீர்தான். இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையும் என்பதும் வீண் செலவு. அதுவும் சோடியம்தான்.

சீனாவின் 600 கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல வழிதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? புகைத்தாலும் மென்றாலும் நிக்கோடின் நிக்கோடின்தான். விறகு அடுப்புப் புகைக்கும் பிரஷருக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சிலிண்டர் இருந்தும் விலைக்குப் பயந்து அடுப்பு மூட்டும் வீடுகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் தயக்கம்தான். பிள்ளை பெற்ற காலத்தில் பிரஷர் இருந்ததா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தவர்களுக்குப் பின்னாளில் வரும் வாய்ப்பு அதிகம். குழு லோன், தூக்கமின்மை, மாதவிடாய் நின்ற வயது, இவையும் சேரும்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு மாத்திரையைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 140/90-ஐ ஒட்டி இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு முறை பார்த்தும் மேல் அளவு 160-ல் நிற்கிறது என்றால் மாத்திரை தேவை. தலைவலி, கிறுகிறுப்பு இல்லை என்பதை நம்ப முடியாது, பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பிரஷர் இறங்கியதும் “சரியாயிடுச்சு” என்று நிறுத்துவதும் தவறு; இறங்கியதே மாத்திரையால்தான். அம்லோடிபின் கொடுத்து, கணுக்கால் வீங்கினால் பயந்து நிறுத்த வேண்டாம். அந்த மாத்திரைக்குச் சிலருக்கு அப்படி ஆகும், சொன்னால் அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்த முறை அளக்கும்போது, வயலிலிருந்து வந்ததும் வராததுமாகக் கை நீட்டச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும்; அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயும் புகையிலையும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்துப் போகட்டும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, நெஞ்சு வலி, இவற்றில் எது வந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.