குழுவில் பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாம்பன் பக்கம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். போன வருடம் இலங்கைக் கடற்படை பிடித்து, இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகும் இரவுகளில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, படித்தால் ஒன்றும் ஏறவில்லை. கல்லூரியில் புதன்கிழமைதோறும் எட்டுப் பத்து மாணவர்களை உட்காரவைத்துக் குழு ஆலோசனை தொடங்கியிருக்கிறார்கள். அங்கே பேசுவது ஊருக்குப் போய்விட்டால் அக்கா கல்யாணம் தடைபடும் என்று அம்மா பயப்படுகிறார். பின்னால் என் வேலைக்கும் சிக்கல் வருமா? சேரலாமா?

பதில்: சேருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போகும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு நீங்கள் பின்வாங்கிவிடக் கூடாது. உங்களுக்கு வந்திருப்பது பைத்தியம் அல்ல. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்த இரவை உங்கள் உடம்பு மறக்கவில்லை. படகு கிளம்பும் ஒவ்வொரு நாளும் அது அதே செய்திக்காகக் காத்திருக்கிறது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து படிக்க வரும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த மாதிரிப் பதற்றத்துக்குக் குழு நன்றாகவே கைகொடுக்கும். ஒரு மாணவியின் கதையை, அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மூன்று வாரம் அவர் வாயே திறக்கவில்லை. மடியில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் மூடியைத் திருகித் திருகித் திறப்பார், மூடுவார். நான்காவது வாரம் தரையைப் பார்த்தபடி, "அப்பா கடலுக்குப் போனா போனைத் தலகாணிக்கு அடியில வச்சுத்தான் படுப்பேன், சவுண்ட ஃபுல்லா வச்சிருவேன்" என்றார். எதிரே இருந்த தொண்டிப் பக்கத்துப் பையன் சட்டென்று, "நான் கையிலயே பிடிச்சிட்டுத் தூங்குவேன்" என்றான். மூடியைத் திருகிய விரல் நின்றது. அதற்கு முன் நானே அவரிடம் தனியாக எத்தனையோ முறை, "இது உங்களுக்கு மட்டும் நடக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறேன், ஏறவில்லை. அந்தப் பையன் சொன்ன ஒரு வரி ஏறிவிட்டது. 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு எடுக்கத் தொடங்கினார். குழு சிகிச்சையின் தொடக்கமாகப் பலரும் சொல்வது அதைத்தான். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அதே நோய் என்று தெரிவதே ஒரு தெம்பு.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். "ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்" என்று விளையாட்டாகத் திட்டிக்கொள்கிற ஊர்கள் நம்முடையவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் இறந்தார்கள். மனநலம் என்றதும் உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு நினைவில் வருவது அந்தச் சங்கிலி. அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் குழு கூடும் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர அங்கே ஒன்றும் இருக்காது.

ஊருக்குத் தெரியுமா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் பாதிப் பதில்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர் உங்களைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது. முதல்வர் கேட்டார், துறைத் தலைவர் கேட்டார் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகளில்தான் வேறு பேச்சு. ஆனால் அந்தச் சட்டம் சிகிச்சை தருகிறவரின் வாயைத்தான் கட்டுகிறது, சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற எட்டு மாணவர்களின் வாயை அல்ல. அவர்களைக் கட்டுவது, 'இங்கே கேட்டது இங்கேயே' என்று முதல் நாள் எல்லோரும் கொடுக்கும் வாக்கு மட்டும்தான். பெரும்பாலும் அதைக் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரின் ரகசியமும் அங்கே இருக்கிறது. இருந்தாலும், உணர்ச்சியைச் சொல்லுங்கள், விலாசத்தைச் சொல்லாதீர்கள். "அப்பா கடலுக்குப் போகும் இரவில் மூச்சு அடைக்கிறது" என்றால் குழுவுக்குப் போதும். படகு யாருடையது, ஜாமீனுக்கு யார் பணம் கொடுத்தார், அக்காவுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் குழுவுக்குத் தேவையில்லை. அது உள்ளே அழுத்துகிறது என்றால், நடத்துகிறவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க்காரர் யாராவது அந்தக் குழுவில் இருந்தால்? இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர் நிபுணர்களுக்கு இது புரிவதில்லை. பெரிய நகரத்தில் குழுவில் எதிரே உட்காருகிறவரை மறுபடி பார்க்க வாய்ப்பே இருக்காது. நம் கரையில் அவர் உங்களுக்கு அத்தை மகளாக இருப்பார், இல்லாவிட்டால் அத்தை மகளின் சிநேகிதியாக இருப்பார். வெறும் ஊர்க்காரர் என்றால் எழுந்து வராதீர்கள், அதே கரையில் வளர்ந்தவருக்கு நீங்கள் பாதி சொன்னாலே மீதி புரியும். நெருங்கிய உறவு என்றால் வேறு குழு கேளுங்கள். ஆனால் உங்கள் அப்பா யாருடைய படகுக்குப் போகிறாரோ, யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரோ, அவர் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால் எந்தச் சமாதானத்துக்கும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பிள்ளை தங்கமாக இருக்கலாம். பிரச்சினை குணத்தில் இல்லை, கடனில் இருக்கிறது. உங்களால் வாய் திறந்து பேச முடியாது, அந்தப் பிள்ளையாலும் முடியாது, இரண்டு பேருடைய புதன்கிழமையும் வீணாகும். "இவருடன் ஒரே குழுவில் இருக்க எனக்கு வசதிப்படாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காக நடத்துகிறவர் காரணம் கேட்கவும் மாட்டார். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதே இதற்காகத்தான். அப்படி ஒரு தனிப்பேச்சே இல்லாமல் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள் என்றால் அந்தக் குழு வேண்டாம்.

நடத்துகிறவர் யார் என்பதையும் பாருங்கள். உங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுகிற பேராசிரியர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

இப்போது நான் சொல்லியே தீர வேண்டியது. 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலைமைதான் இன்னும் இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் இந்தக் கரைக் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டார்கள். இரண்டு நாள் பயிற்சி, பளபளப்பான சான்றிதழ், 'சக மாணவர் ஆலோசகர்' பட்டம் என்று பிள்ளைகளிடம் பணம் வாங்குகிறார்கள். அத்தோடு விடுவதில்லை. பயிற்சி முடித்த பிள்ளையிடம், "கஷ்டத்தில் இருக்கும் நாலு பேரைக் கூட்டிவா, தலைக்கு இவ்வளவு" என்கிறார்கள். சிநேகிதியின் கண்ணீருக்குக் கமிஷன்! அப்படி வந்து சிக்கியவர்களைப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணை நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, அதற்குக் 'குழு சிகிச்சை' என்று மாதக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு அழுதுகொண்டே அவர் எழுதிய நாலு வரி, காலையில் ஸ்கிரீன்ஷாட்டாக அவர் விடுதியிலேயே சுற்றியது. உங்கள் அம்மா பயப்படுவது நடப்பது இந்த மாதிரி இடங்களில்தான், மூடிய அறையில் எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் அல்ல.

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் மனதைத் திறக்காதீர்கள். பேசுவதைப் பதிவு செய்கிறோம் என்றாலும், "உங்கள் அனுபவத்தை வீடியோவாகப் போடுகிறோம்" என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். தூக்க மாத்திரையை ஆளுக்குப் பாதி பகிர்ந்துகொள்ளும் நல்ல மனதுக்காரர்கள் எல்லா விடுதியிலும் உண்டு, அதையும் வாங்காதீர்கள். மாணவர்களே கூடிப் பேசும் தோழமைக் குழு வேறு, குழு சிகிச்சை வேறு. தோழமைக் குழுவின் வேலை காது கொடுப்பதும், தேவைப்பட்டால் கூடவே மருத்துவமனைக்கு வருவதும்தான். நோய்க்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலை அல்ல.

இவ்வளவையும் ஒரு மாணவியா சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே ஆத்திரமாக இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிதாக எழுதி வைக்கவும் சொன்னது. உங்கள் விடுதியில் பார்த்தீர்களா? ஒரு கல்லூரியில் மனநல மையத்தைத் திறந்துவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். ரிப்பன், பேனர், பொன்னாடை, போட்டோ எல்லாம் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த அறை முழுக்க விடைத்தாள் கட்டு. சாவி யாரிடம் என்று கேட்டேன், மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஆய்வுக்கு வரும் குழுவிடம் காட்ட அந்தப் போட்டோ அவர்களுக்குப் போதும். உங்கள் கல்லூரியில் வாராவாரம் உண்மையாகவே நடக்கிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். குழுவில் உட்கார்ந்தது உங்கள் மாற்றுச் சான்றிதழில் வராது, நன்னடத்தைச் சான்றிதழில் வராது, மதிப்பெண் பட்டியலிலும் வராது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிப்பது உங்கள் விலாசம், உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான், நீங்கள் எந்த அறையில் உட்கார்ந்து அழுதீர்கள் என்பதை அல்ல.

ஒன்றைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். "இருந்து என்ன செய்ய" என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் புதன்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அதற்குக் குழு சரியான இடம் அல்ல, முதலில் தனியாக ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. உங்கள் சிநேகிதி யாராவது இப்படிச் சொல்லி, "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் அந்தச் சத்தியத்தை மீறுங்கள்.

கடைசியாக, காலக்கணக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார், வலை பின்னுவார், படகில் மராமத்து பார்ப்பார். உங்களுக்கும் நன்றாகத் தூக்கம் வரும். "சரியாகிவிட்டது" என்று அப்போது குழுவை விட்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஜூன் கடைசியில் பழையபடி கண் சிவந்து வந்து நிற்பார்கள். தடைக்காலத்திலும் போய்க்கொண்டிருங்கள். கல்லூரி விடுமுறையில் குழு கூடாது என்றால் நடத்துகிறவரிடம் போனில் பேச ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து படகு இறங்கும் முதல் இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த புதன்கிழமை அதைக் கையோடு கொண்டுபோங்கள்.