தட்டில் வளரும் நரம்புக்கலங்கள் உங்கள் மகனின் மருந்தைச் சொல்லுமா?

கேள்வி: எனது மகனுக்கு 11 வயது. ஏழு வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. சோடியம் வல்ப்ரோயேற் மாத்திரை கொடுத்தும் மாதத்தில் இரண்டு முறையாவது வருகிறது. திருகோணமலை நகரிலுள்ள முகவர் ஒருவர், பிள்ளையின் இரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினால், அதிலிருந்து அவனுடைய மூளைக் கலங்களையே வளர்த்து, அவற்றின் மின்துடிப்பைப் பதிவு செய்து, எந்த மருந்து பொருந்தும் என்று ஆறு வாரத்தில் சொல்லிவிடுவார்கள் என்கிறார். ஒன்பது இலட்சம் ரூபா கேட்கிறார். இரத்தம் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். அவர் காட்டிய மாதிரி அறிக்கையின் படத்தை இணைத்திருக்கிறேன். நகைகளை அடகு வைத்துச் செய்யலாமா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, மற்றவற்றைப் பிறகு பேசலாம், மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். வல்ப்ரோயேற்றைத் திடீரென நிறுத்தினால், ஒன்று அடங்குமுன் அடுத்தது தொடங்கும் விதமாக வலிப்பு விடாமல் தொடரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. இரத்தத்தில் மருந்து கலந்திருந்தால் பரிசோதனை பிழைத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் அது வெறும் கதை. இந்த முறையில் கலங்களை மாதக்கணக்கில் புதிய ஊட்டத் திரவத்தில் மாற்றி மாற்றி வளர்ப்பார்கள், முதல்நாள் இரத்தத்திலிருந்த மருந்தின் சுவடுகூட அதற்குள் மிஞ்சாது.

அவர் பெயர் சொல்லும் தொழில்நுட்பம் பொய்யல்ல என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஜப்பானின் சின்யா யமனாக்கா 2006 இல் எலியின் கலங்களையும், அடுத்த ஆண்டில் மனிதத் தோற் கலங்களையும், எந்த உறுப்பின் கலமாகவும் மாறக்கூடிய கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார், 2012 இல் அதற்காக நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இன்று இரத்தத்திலிருந்தும் அதே வழியில் நரம்புக்கலங்களை உருவாக்கலாம். அவற்றை, அடியில் மின்வாய்கள், அதாவது மின்துடிப்பை உணரும் நுண்ணிய புள்ளிகள், பதித்த சிறு கண்ணாடித் தட்டில் விதைத்து 37 பாகை வெப்பத்தில் வைத்தால், கிளைவிட்டு ஒன்றையொன்று தொட்டு, சில வாரங்களில் தாமாகவே துடிக்கத் தொடங்கும். வழக்கமான தட்டொன்றில் 60 மின்வாய்கள், ஒவ்வொன்றும் 30 மைக்ரோமீற்றர் அகலம், அடுத்ததற்கு 200 மைக்ரோமீற்றர் இடைவெளி. அவ்வளவையும் ஓர் எள் மறைத்துவிடும். கலம் துடிக்கும்போது அதன் சுவருக்கு உள்ளும் புறமுமாக ஏறத்தாழ 100 மில்லிவோல்ற் ஏறியிறங்கினாலும், வெளியே கிடக்கும் மின்வாய்க்கு எட்டுவது பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ற்றுத்தான், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவு மெல்லிய ஓசைக்குக் காதுகொடுக்கும் கருவிக்கு அயலில் நடப்பதெல்லாம் இரைச்சல். தட்டை வளர்ப்புப் பெட்டியிலிருந்து பதிவுக் கருவிக்கு மாற்றினாலே கலங்களின் துடிப்பு குழம்பிப்போகும். நான் பழகிய ஆய்வுகூடத்தில், மாற்றிய பின் பத்து நிமிடமாவது கைகட்டி நின்றுவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவோம்.

இனி நீங்கள் அனுப்பிய படத்தைப் பாருங்கள். கீழ்க்கோட்டில் நேரம் மில்லிசெக்கனில் குறிக்கப்பட்டிருக்கிறது. ‘நோயாளியின் வலிப்பு அலை’ என்று சிவப்பு வட்டமிட்ட இடத்தில் 0, 20, 40, 60 என இருபது மில்லிசெக்கனுக்கு ஒன்றாக, சீப்பின் பற்களைப் போல, எல்லா மின்வாய்களிலும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் அலைகள் நிற்கின்றன. நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது, அதாவது ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். அத்தகைய மின்சாரமுள்ள எந்த நாட்டிலும், புவித்தொடுப்பும் உலோகக் கவசமும் சரியில்லாத பதிவில் முதலில் வந்து விழுவது இந்தச் சீப்புத்தான். நரம்புக்கலங்கள் மணிக்கூடு பார்த்துத் துடிப்பதில்லை. சுவரிலுள்ள பிளக்கின் அலையைக் காட்டி உங்களிடம் ஒன்பது இலட்சம் கேட்கிறார்கள்.

படம் சுத்தமாக இருந்திருந்தாலும் நான் இதையே சொல்லியிருப்பேன், ஏனெனில் அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. முற்றிலும் ஆரோக்கியமான ஒருவரின் கலங்களிலிருந்து வளர்த்த வலையமைப்பும் முதிரும்போது, சில செக்கன்கள் அமைதியாகக் கிடந்து, பின் எல்லாம் சேர்ந்து ஒரே வெடிப்பாகத் துடித்து, மீண்டும் அடங்கும். கண்ணும் காதும் இல்லாமல், வெளியிலிருந்து ஒரு செய்தியும் வராமல் கிடக்கும் கலங்களின் இயல்பு அது. அறியாதவர் கண்ணுக்கு அது வலிப்புப் போலவே தெரியும், தரகர்கள் அந்தப் படத்தைக் காட்டித்தான் தாய்மாரை அழவைக்கிறார்கள். ஆகவே, நேர்மையான ஆய்வாளர் நோயற்ற ஒருவரின் கலங்களையும், இயலுமானால் நோயாளியின் கலத்திலேயே பிழையான பரம்பரையலகை மட்டும் திருத்திய கலங்களையும் அருகருகே வளர்த்து, பல தட்டுகளில் ஒப்பிட்ட பின்னரே வாய் திறப்பார்.

ஆறு வாரக் கணக்கும் ஒத்துவராது. இரத்தக் கலத்தைக் கருநிலைக்குத் திருப்புவதற்கே ஒரு மாதமளவு போகும், அதைப் பெருக்கி நிறமூர்த்தங்கள் சிதையவில்லை என்று சரிபார்க்க மேலும் வாரங்கள், நரம்புக்கலமாக்கித் துடிப்பு நிலைபெற மறுபடி வாரங்கள் முதல் மாதங்கள் வரை. ஆறு வாரத்தில் எல்லாம் முடியும் என்று ஒருவர் நாள் சொன்னால், அவர் வேறு யாருடையவோ தட்டின் படத்தைத்தான் உங்களுக்குத் தரப்போகிறார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், தட்டுக்கு ஈரல் இல்லை. உங்கள் மகன் விழுங்கும் மாத்திரை ஈரலில் உடைந்து, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைத் தாண்டிப் போகவேண்டும், தட்டிலோ மருந்து நேரே ஊற்றப்படுகிறது. அந்தக் கலங்களின் முதிர்ச்சியும் பதினொரு வயதுப் பிள்ளையின் மூளையுடையதல்ல, கருவிலிருக்கும் சிசுவின் மூளையையே ஒத்தது. மகனின் வலிப்பு பிறப்பின்போதோ மூளைக்காய்ச்சலிலோ ஏற்பட்ட தழும்பிலிருந்து கிளம்புவதாயின், இரத்தத்திலிருந்து வளர்த்த கலத்தில் அந்தத் தழும்பு எப்படி இருக்கும்?

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகவர் நாளை இதைத்தான் தூக்கிப்பிடிப்பார். ட்ரவே நோய் என்று ஒன்றுண்டு. பெரும்பாலும் பிறந்து ஓர் ஆண்டுக்குள், காய்ச்சலுடன் நீண்ட வலிப்பாகத் தொடங்கும், பெரும்பாலானோரில் எஸ்.சி.என்.1ஏ என்ற ஒரேயொரு பரம்பரையலகின் பிழையே காரணம். அந்தப் பிழையால் மூளையில் மற்றக் கலங்களை அடக்கிவைக்கும் கலங்களின் சோடியம் வாயில்கள் வலுவிழக்கின்றன, அடக்குபவை சோர்ந்தால் மற்றவை கட்டுமீறும். இதனால்தான் சோடியம் வாயில்களை மேலும் அடைக்கும் காபமசபின் போன்ற மருந்து அத்தகைய பிள்ளைக்கு நிலைமையை மோசமாக்கும். இந்நோயாளிகளின் கலங்களைத் தட்டில் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள், பயனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: அந்த அறிவு ஒரு பிள்ளைக்கு வந்து சேரும் வழி அவனுடைய கலத்தைத் தட்டில் வளர்ப்பதல்ல, சாதாரண இரத்தத்தில் பரம்பரையலகைப் படிப்பதுதான். அதற்குத் துடிப்பும் வேண்டாம், தட்டும் வேண்டாம், நரம்பியல் நிபுணர் அவசியம் என்று கருதினால் எழுதித் தருவார். ஏழு வயதில் தொடங்கிய உங்கள் மகனின் வலிப்பு அந்தச் சாயலில் இல்லை, என்றாலும் குழந்தைப் பருவத்தில் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இத்தகைய முகவர் ஒருவர், இரத்தக் குழாயை ஐஸ்கட்டிக்கு நடுவே புதைத்து இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தக் குளிரில் இரத்தம் ஐஸாக உறைந்துபோனால் அதன் கலங்களில் பெரும்பாலானவை சிதைந்து செத்துவிடும், அதன் பிறகு வளர்ப்பது கடினம். ஆங்கிலத் தாளில் வெற்றிடம் விட்டுக் கையொப்பம் வாங்குவதும் இவர்களின் வழக்கம். பிள்ளையின் கலம் யாருக்குச் சொந்தம் என்பது அந்த வெற்றிடத்தில்தான் பின்னர் எழுதப்படும். இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

உங்களைப் போன்றவர்கள் இவர்களிடம் ஏன் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. விடிய முன் எழுந்து வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் நிபுணரைப் பார்த்து, கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரியை வாங்கிக்கொண்டு திரும்பும் தாய்க்கு, அந்த வரி என்னவென்று தமிழில் சொல்ல ஓர் ஆளை வைக்க இத்தனை ஆண்டுகளாக நமது அமைப்பால் முடியவில்லை. முகவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். அவர் விற்பதே அந்த அரை மணி நேரத்தைத்தான்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்றைத் தயார்செய்துகொண்டு போங்கள். வலிப்பு வரும்போது முகமும் கைகால்களும் தெரிய, தொடக்கத்திலிருந்தே தொலைபேசியில் எடுத்த காணொளி ஒன்று. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி பரிசோதனையைத் தூக்கத்திலும் எடுக்க முடியுமா என்ற கேள்வி. விழித்திருக்கும்போது எடுத்தது சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று ஆகாது. சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகள் போதிய அளவில் பலனளிக்காவிட்டால், கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்கு நகை தேவைப்படாது. வல்ப்ரோயேற் மாத்திரை ஈரத்தை இழுக்கும். நமது கடற்கரைக் காற்றில் உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். கொடுக்கும் வேளையில் மட்டும் உறையைப் பிரியுங்கள், ஏற்கெனவே பிரித்து வைத்தவை இருந்தால் மருந்தாளரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.